குட்டிக்கு பேட்டரி எங்கே?



செக்காலை ரோட்டு டீக்கடையில் எங்கள் செட்டுக்குத் தினமும் ஒரு வாக்குவாதம் உண்டு. "எந்திரன் மூணாவது பாகம் வந்தா எப்படிடா இருக்கும்?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். ஒருவன் ரஜினியின் ஸ்டைலைச் சொல்வான், இன்னொருவன் சண்டைக் காட்சியைச் சொல்வான். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் குட்டிக்கு பேட்டரியை எங்கேடா வைப்பாங்க?" எல்லோரும் சிரிப்பார்கள். இது சிரிக்கிற விஷயமில்லை என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. 2010 அக்டோபர் 1 அன்று 'எந்திரன்' வந்தபோது நாம் பால்வாடிப் பிள்ளைகள். டி.வி.யில் பார்த்துப் பார்த்தே வசனம் மனப்பாடம். அடுத்த பாகமான '2.0' 2017 தீபாவளிக்கு வரும் என்றார்கள், பிறகு 2018 ஜனவரி என்றார்கள். வந்தது 2018 நவம்பர் 29. ஐந்தாம் வகுப்பில் எதிர்பார்க்கத் தொடங்கிய படத்தை ஆறாம் வகுப்பில் பார்த்தேன். அதன் கிளைமாக்ஸில் புறா முதுகில் ஏறிக்கொண்டு கூட்டமாக வந்தானே குட்டி 3.0, அன்றிலிருந்து அவனுக்காகத்தான் மூன்றாம் பாகத்தை எதிர்பார்க்கிறேன்.

முதலில் அண்ணன் சிட்டி கதைக்கு வருவோம். எந்திரனில் ரயில் சண்டை ஞாபகம் இருக்கிறதா? அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்துபோகும். தியேட்டரில் 'அய்யய்யோ' என்ற அந்த இடம்தான் என் கணக்கில் படத்திலேயே மிக நேர்மையான காட்சி. ஒரு பேச்சுக்கு, சிட்டிக்குள் 5 கிலோ லித்தியம் அயான் பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 200 வாட்-மணி என்றால் மொத்தம் 1000 வாட்-மணி. ஒரு குதிரைத்திறன் 746 வாட். அந்த அளவில் வேலை செய்தால் ஒரு மணி இருபது நிமிடம் ஓடும். ஆனால் சண்டைக்கு ஒரு குதிரை போதுமா? எட்டுக் குதிரைத்திறன் போட்டால் பத்தே நிமிடத்தில் காலி. இதே 1000 வாட்-மணியை நம் வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள லெட் ஆசிட் பேட்டரியில் (கிலோவுக்குச் சுமார் 35 வாட்-மணி) வைக்க வேண்டுமானால், சிட்டி 28 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு சண்டை போட வேண்டும்!

இப்போது குட்டி. உயரத்தில் சிட்டியின் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகும்போது கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். 5 கிலோ பேட்டரி 5 கிராம் ஆகிறது. கிடைப்பது ஒரே ஒரு வாட்-மணி. சுமக்க வேண்டிய எடையும் ஆயிரத்தில் ஒன்றுதான் என்பதால் கை கால் அசைவுக்கு அவ்வளவு சிரமமில்லை. சிக்கல் மூளையில். கேமரா, வயர்லெஸ், பிராசசர் எல்லாம் உடம்பு சுருங்கியதற்காகத் தங்கள் பசியைச் சுருக்கிக்கொள்வதில்லை. நம் லேபில் உள்ள சிறிய கம்ப்யூட்டர் போர்டு கணக்கில் 3 வாட் போட்டால், சும்மா நின்று யோசிக்கவே 20 நிமிடத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். அப்புறம் எங்கே பறப்பது? அதனால்தான் அந்தப் புறா எனக்குப் பிடித்திருக்கிறது. பறக்கிற செலவு புறாவுடையது, தானியம்தான் எரிபொருள். தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, பலே!

கணக்கு போட நான் கற்றதே அடிபட்டுத்தான். இரண்டாம் ஆண்டில் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குக் கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோ செய்து கொண்டு போனோம். கடையில் கிடைக்கும் சதுர 9 வோல்ட் பேட்டரியைப் போட்டிருந்தோம். நடுவர் முன்னால் வைத்தால் ஒரு சாண் நகரும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். புரோகிராமில்தான் தப்பு என்று ராத்திரியெல்லாம் தேடினோம். தப்பு அங்கே இல்லை. அந்தப் பேட்டரிக்கு உள் மின்தடை அதிகம். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஒரு ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். ஊருக்குத் திரும்பி இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்து 7.4 வோல்ட் கொடுத்தோம். ஹாஸ்டல் வராந்தா முழுக்க ஓடியது. பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது, அது வேறு கதை.

எந்திரனுக்கு வசனம் எழுதிய சுஜாதா, படம் வெளிவருமுன் 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்துவிட்டார். 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ நாயைப் படைத்த அவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். வாக்குப் பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குள்ளவர். கரண்ட் இல்லாத கிராமத்திலும் அது ஓடுவது பேட்டரியில்தான் என்பதைக் கவனியுங்கள். குட்டியைப் பற்றி அவரிடம் கேட்க முடியாமல் போனதே என்று எனக்குக் குறைதான்.

ஆனால் இதைக் கேட்க நமக்கு வேறு இடம் இருக்கிறது, அதுவும் சைக்கிள் தூரத்தில். வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். முதலாம் ஆண்டில் பொதுமக்கள் பார்வை நாளன்று போயிருந்தேன். ஈரமும் காற்றும் படாமல் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், ரப்பர் கையுறை வழியாகக் கையை விட்டு, காசு அளவில் ஒரு செல்லைச் செய்துகொண்டிருந்தார்கள். குட்டியின் வயிற்றுக்குள் போகிற அளவுதான்! "சார், இதுல எவ்வளவு நேரம் ஓடும்?" என்று கேட்டேன். "என்ன வேலை செய்யப் போகுதுன்னு முதல்ல சொல்லு தம்பி" என்றார் அங்கிருந்தவர்.

மூன்றாம் பாகம் வந்தால் முதல் நாள் முதல் காட்சி நான் போவேன். டீக்கடைப் பந்தயம் இன்னும் நிற்கிறது. குட்டி ஒரு தடவையாவது சார்ஜ் இல்லாமல் நின்றால் ஒரு மாத டீ, வடை நண்பர்கள் செலவு. படம் முழுக்க நிற்காமல் பறந்தால் என் செலவு.