புளிக்கரைசலில் ஒரு மின்கலம்

கல்வராயன் மலைவாழ் மக்கள் புளியும் கடுக்காயும் சேகரித்து விற்பது நெடுங்கால வழக்கம். அந்தப் புளியைக் கொண்டே நம் மாணாக்கர் மின்சாரம் உண்டாக்கிக் காணலாம். வெள்ளிமலையிலாயினும் கள்ளக்குறிச்சியிலாயினும் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை.

நான்கு கண்ணாடிக் குவளைகளில் கெட்டியான புளிக்கரைசலை ஊற்றிச் சிறிது உப்பிடுக. ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பித் துண்டும், துத்தநாகம் பூசிய ஓர் ஆணியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். மோட்டாரில் சுற்றிய கம்பியானால் மேற்பூச்சைச் சுரண்டிவிடுக. முதற் குவளையின் ஆணியை அடுத்த குவளையின் செம்போடு பிணைத்து, இவ்வாறே நான்கையும் தொடுத்துச் செல்க. எஞ்சிய இரு முனைகளில் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைத்தால் இருட்டறையில் அது மினுங்கக் காணலாம். விளக்கின் நீண்ட கால் செம்பின் பக்கம் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தவறுமிடம் இதுவே.

இந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? கேட்டால், புளியிலிருந்து என்பர். அது பிழை. ஆணிகளை எடுத்துவிட்டு எல்லாக் குவளைகளிலும் செம்புக் கம்பிகளையே இட்டுப் பார்க்கட்டும். புளி அதே புளிதான்; விளக்கோ எரியாது. உண்மையில் செலவாவது துத்தநாகம். புளியின் அமிலத்தில் அது கரையும்பொழுதே மின்சாரம் பிறக்கிறது. சில நாள் கழித்து ஆணியை எடுத்துப் பார்த்தால் பூச்சு அரிக்கப்பட்டிருப்பது தெரியும். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800இல் உலோகத் தகடுகளை உப்புநீர் தோய்ந்த அட்டைகளோடு அடுக்கிச் செய்த மின்கலமும் இவ்வகையதே. இத்துறைக்கென நம் காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கி வருகிறது.

விவசாயிகளுக்கும் இதில் செய்தியுண்டு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் பித்தளை வால்வை நேரே பொருத்தினால், ஈரத்தில் அவ்விரண்டும் சேர்ந்து தாமே ஒரு மின்கலமாகிவிடும். பித்தளை தொடுமிடத்தில் குழாய் விரைந்து அரிக்கப்படுவது இதனாலேயே. இடையில் ஒரு பி.வி.சி. இணைப்பு வைத்தால் இச்சேதம் பெரிதும் குறையும்.

பழத்தையும் புளியையும் கொண்டு வீட்டுக்கு விளக்கேற்றலாம் என எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். ஒரு குவளை தருவது ஆயிரத்தில் ஒரு வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பது வாட் விளக்குக்கு 9,000 குவளைகள் வேண்டும்! இது பாடத்திற்கான கருவி, அவ்வளவே.

பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள ஊராட்சி உறுப்பினர்கள் கம்பியும் விளக்கும் வாங்கித் தர முன்வரலாம், செலவு சொற்பம். பயன்படுத்திய கரைசலில் உலோகம் கலந்திருப்பதால் அதனைச் சமையலுக்குக் கொள்ளலாகாது. பழைய பாட்டரிக் கட்டைகளைப் பிள்ளைகள் உடைத்துப் பார்க்க விடக் கூடாது. சாதாரண டார்ச்சுக் கட்டையின் உறையும் துத்தநாகமே. அது கரைந்து துளைபட்டால் உள்ளிருப்பது கசியும். மலையில் ஓடையில் எறிந்தது மழையோடு கோமுகி அணைக்கு வந்து சேரும். அந்நீரே கள்ளக்குறிச்சி வயல்களுக்குப் பாய்கிறது. ஆதலின் கழிந்த கட்டைகளைப் போட ஊராட்சி அலுவலகத்தில் மூடியுள்ள ஒரு டப்பாவைத் தனியே வைத்தல் நலம்.