அட்டவணையை மாற்றினோம், வினவல் ஏன் பிழைத்தது?

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
அலகு: தரவுத்தள முகாமைத்துவம்



அட்டவணை உருவாக்குவதும் வினவல் அமைப்பதும் உங்களுக்குத் தெரியும். அட்டவணையின் கட்டமைப்பை இடையில் மாற்றினால், நேற்றுவரை இயங்கிய வினவல் இன்று பிழைக்கலாம். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பதே இப்பாடம்.

எடுத்துக்காட்டு

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் படகுகளுக்கு மைக்ரோசொப்ட் அக்சஸில் ஒரு தரவுத்தளம் இருப்பதாகக் கற்பனை செய்வோம்.

உரிமையாளர் (தேஅஅ_இல, பெயர், கிராமம்)
படகு (படகு_இல, வகை, தேஅஅ_இல)

உரிமையாளர் அட்டவணையின் முதன்மைச் சாவி தேஅஅ_இல. படகு அட்டவணையில் அதுவே அந்நியச் சாவி.

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் 9 இலக்கங்களும் ஓர் எழுத்துமாக 10 இடங்களைக் கொண்டது. 2016 ஜனவரி 1 முதல் 12 இலக்கங்கள் கொண்ட புதிய முறை வந்தது. ஆகவே 10 இடங்களுக்கு அமைத்த புலத்தை 12 இடங்களாக்க வேண்டும். இம்மாற்றத்தோடு வரக்கூடிய பிழைகள் மூன்று.

பிழை 1: புலத்தின் பெயர் மாறியது

தேஅஅ_இல என்பதை அடையாள_இல என மாற்றினீர்கள். வினவலில் பழைய பெயரே இருந்தால், இயக்கும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி தேஅஅ_இல இற்குப் பெறுமானம் கேட்கும். அப்பெயரில் புலம் இல்லாததால் அக்சஸ் அதை உங்களிடமே கேட்கிறது. அவசரப்பட்டு எதையாவது தட்டச்சு செய்தால் எல்லா நிரைகளிலும் அதுவே வரும்.
சீர்செய்தல்: வினவலை வடிவமைப்பு நோக்கில் திறந்து, பழைய பெயரை நீக்கிப் புதிய பெயரை இடுக. படிவம், அறிக்கை ஆகியவற்றையும் பார்க்குக.

பிழை 2: தரவு வகை மாறியது

படகு_இல எண் வகையாக இருந்தது. பதிவிலக்கத்தில் எழுத்துகளும் வருவதால் அதைப் பாட வகையாக்கினீர்கள். வினவலின் நிபந்தனையில் 125 என்றே இருந்தால், தரவு வகை பொருந்தவில்லை என்ற செய்தி வரும்.
சீர்செய்தல்: பாடப் பெறுமானத்தை மேற்கோள் குறிக்குள் "125" என எழுதுக.

பிழை 3: செய்தி எதுவும் வராத பிழை

மூன்றிலும் ஆபத்தானது இதுவே. தொடர்புடைமையில் உள்ள புலத்தின் அளவை மாற்ற அக்சஸ் விடாது. முதலில் தொடர்புடைமையை நீக்க வேண்டும். நீக்கியவர் மீண்டும் அமைக்க மறந்துவிட்டார் என்க. அதன்பின் உரிமையாளர் அட்டவணையில் ஒருவரின் புதிய இலக்கமும், படகு அட்டவணையில் அவரது பழைய இலக்கமும் இருக்க இடமுண்டு. ஆள் ஒருவரே, கணினிக்கோ அவை இரு வேறு இலக்கங்கள்.

இரு அட்டவணைகளையும் இணைக்கும் வினவல் முன்னர் 40 படகுகளைக் காட்டியது. இப்போது 37 மட்டுமே. எச்சரிக்கை ஏதும் இல்லை. இது நிவாரணப் பட்டியலாயின், மூன்று படகுகளின் உரிமையாளர்கள் பெயரின்றித் திரும்புவர்.

சீர்செய்தல்: படகு அட்டவணையில் மட்டும் உள்ள, உரிமையாளர் அட்டவணையில் பொருந்தாத பதிவுகளை ஒரு வினவலால் தேடுக. இரு இடத்திலும் ஒரே வடிவ இலக்கத்தை இடுக. பழைய இலக்கத்தின் முன் 19 சேர்த்து, அதன் 5ஆம் இலக்கத்தின் பின் 0 இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். பின்னர் தொடர்புடைமையை மீண்டும் அமைக்குக.

நினைவிற் கொள்க

1. மாற்றத்துக்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுக்குக.
2. வினவல் தரும் பதிவுகளின் எண்ணிக்கையைக் குறித்து வைக்குக.
3. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்க.
4. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் வினவலை இயக்கி, எண்ணிக்கையை ஒப்பிடுக.

மாதிரி வினா

(அ) அடையாள அட்டை இலக்கத்துக்கு எண் வகையை விடப் பாட வகை பொருத்தமானது. இரு காரணங்கள் தருக.
(ஆ) வினவலை இயக்கியதும் ஒரு புலத்தின் பெயரைக் காட்டிப் பெறுமானம் கேட்கப்பட்டது. பெரும்பாலும் காரணம் யாது?

விடை

(அ) பழைய இலக்கத்தில் எழுத்து உண்டு. அவ்விலக்கத்தைக் கொண்டு கூட்டல், கழித்தல் செய்வதில்லை. (நீள் முழுவெண் வகையின் உயர் எல்லை 2147483647 என்பதால் 12 இலக்கங்கள் அதில் அடங்கா என்பதும் ஏற்கத்தக்கது.)
(ஆ) அப்பெயரில் புலம் அட்டவணையில் இல்லை. பெயர் மாற்றப்பட்டிருக்கலாம், நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது வினவலில் எழுத்துப் பிழை இருக்கலாம்.

மாணவர்களே, பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள்; எங்கே பார்க்க வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது. செய்தி வராதபோதுதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.