சுகர் குறைந்துவிட்டது: மாத்திரையை நிறுத்தலாமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு மாதாமாதம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சுகர் நார்மல் ஆயிடுச்சே, இனிமே மாத்திரை எதுக்கு?" கேள்வியில் தப்பே இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நல்ல எண்ணைப் பார்த்த யாருக்கும் இது தோன்றத்தான் செய்யும். ஆனால் ஊருக்குள் இதற்கு இரண்டு தவறான பதில்கள் சுற்றுகின்றன. "ஒருதரம் மாத்திரையைத் தொட்டா சாகுற வரைக்கும் விடாது" என்பது ஒன்று. "நார்மல்னு வந்தாச்சுல்ல, தூக்கிப் போடு" என்பது இன்னொன்று. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில், அந்த எண் என்ன சொல்கிறது?

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில், 100 மில்லிக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் அது நீரிழிவு. 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். அது 6.5 சதவீதத்தைத் தொட்டால் நீரிழிவு, 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு.

இந்த அளவுகளெல்லாம் மாத்திரை சாப்பிடாதவருக்கு நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வகுத்தவை. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 6.3 என்று வந்தால், "நோய் போய்விட்டது" என்று பொருள் இல்லை. "மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன" என்று பொருள்.

நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். கரை உறுதியாக இருப்பதால்தான் ஊருக்குள் தண்ணீர் வரவில்லை. "தண்ணிதான் வரலையே" என்று கரையை வெட்டிவிட மாட்டோம். கண்மாயில் தண்ணீரே வற்றிவிட்டதா, இல்லை கரை தாங்கிக்கொண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கரையில் கை வைக்க வேண்டும்.

தானாக நிறுத்தினால் என்ன நடக்கும்?

ஒரு உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஹெச்பிஏ1சி 8.9 என்று வந்தது. மாத்திரை, நடை, இரவில் அரிசிச் சோற்றைக் குறைத்தது எல்லாம் சேர்ந்து ஆறு மாதத்தில் 6.4 ஆனது. "சரியாப் போச்சு" என்று மாத்திரையை விட்டுவிட்டார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் போனது, அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்து பார்த்தால் 9.1.

ஏன் நடுவில் ஒன்றும் தெரியவில்லை? ரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பெரும்பாலும் அது சிறுநீரில் இறங்கும். அப்போதுதான் அடிக்கடி சிறுநீர், தாகம், மெலிவு என்று உடம்பு காட்டிக்கொடுக்கும். 130-க்கும் 180-க்கும் இடையில் சர்க்கரை ஓசையில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்திலும் கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதத்தின் நரம்பு ஆகியவற்றில் உள்ள சிறு ரத்தக் குழாய்கள் கெட்டுக்கொண்டுதான் இருக்கும். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த பெரிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஹெச்பிஏ1சி 1 சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்கு இந்தச் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. நீங்கள் சாப்பிட்ட ஒவ்வொரு மாத்திரையும் வீண் இல்லை என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் நிறுத்தவே முடியாதா?

முடியும். சிலருக்கு முடியும். அதற்கு மருத்துவத்தில் தணிவு நிலை என்று பெயர். குணமாகிவிட்டது என்று சொல்லாமல் தணிந்திருக்கிறது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: எடை கூடினால், வயது ஏறினால் மறுபடி வரக்கூடும்.

2021-ல் உலக நீரிழிவு நிபுணர்கள் கூடி இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். சர்க்கரை குறைக்கும் எல்லா மருந்தையும் நிறுத்தி, குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது தணிவு நிலை. கவனியுங்கள்: மருந்தோடு வந்த எண்ணை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மருந்து இல்லாமல் வந்த எண்ணைத்தான் எடுத்தார்கள்.

2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்தி, நாளுக்கு 850 கலோரி அளவில் உணவைச் சில மாதம் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் தணிவு நிலையில் இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியது. எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பியது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அவர்கள் எல்லோரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், யாரும் இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஆக, வாய்ப்பு யாருக்கு அதிகம்? நோய் கண்டு சில ஆண்டுகளே ஆனவர், ஒரே ஒரு மாத்திரையில் இருப்பவர், நல்ல அளவு எடை குறைத்து அதைத் தக்க வைத்திருப்பவர். பத்துப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை இருப்பவருக்கு வாய்ப்பு குறைவு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் வருஷம் போகப் போகக் குறைவதுதான் காரணம். அது அவருடைய முயற்சிக் குறைவு இல்லை.

யார் கண்டிப்பாகத் தானாக நிறுத்தக் கூடாது?

- முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள். பெரும்பாலும் சிறுவயதில் வருவது. இவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். வாந்தி, காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காத நாளிலும் இன்சுலினை முழுசாக நிறுத்தக் கூடாது.
- இரண்டாம் வகையிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள்.
- கர்ப்பிணிகள். கர்ப்ப காலச் சர்க்கரைக்கான மருந்து பெரும்பாலும் பிரசவத்தோடு நிற்கும். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிப்பது அவசியம்.
- காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள்.
- இதயம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சர்க்கரைக்காக மட்டும் கொடுப்பதில்லை. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கவும் கொடுக்கிறார்கள். சர்க்கரை இறங்கிவிட்டாலும் அந்த வேலை முடிவதில்லை.

உடனே குறைக்க வேண்டிய நேரமும் உண்டு

எடை குறைந்து, சாப்பாடும் குறைந்த பிறகு பழைய டோஸே தொடர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இந்த ஆபத்து அதிகம். மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுப்பவர்கள், மார்கழியிலும் ஆடியிலும் விரதம் இருப்பவர்கள், இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பமான பேச்சு இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதித்து, பிறகு சாப்பிடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்படி ஒருமுறை வந்தாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு மாத்திரையைக் குறைப்பது பல நேரம் சரியான முடிவுதான்.

"மாத்திரை தின்னா கிட்னி போயிடும்" என்கிறார்களே?

இந்த பயத்தால்தான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். அதிகம் பேர் சாப்பிடும் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் வேறு காரணத்தால் ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டிருந்தால் அந்த மாத்திரை உடம்பில் தங்கிவிடும். அதனால் வடிகட்டும் அளவு 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க யோசிப்பார்கள். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். பயம் இருந்தால் மாத்திரையை விட வேண்டாம். கிரியாட்டினின் சோதனை கேளுங்கள்.

சரி, நான் எப்படி முடிவெடுப்பது?

1. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பேச வேண்டாம். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஹெச்பிஏ1சி இருந்தால் நல்லது. ரத்தசோகை இருந்தாலோ, சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ அந்த எண் ஏமாற்றும். அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.
2. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "ஐயா, எனக்கு மாத்திரையைக் குறைச்சுப் பார்க்க வாய்ப்பு இருக்கா? இதுல எந்த மாத்திரை சர்க்கரைக்கு, எது இதயத்துக்கு?" கேட்பது உங்கள் உரிமை.
3. குறைக்கலாம் என்று அவர் சொன்னால், அவர் சொல்லும் மாத்திரையை மட்டும், சொல்லும் அளவில் குறையுங்கள். பிரஷர், கொழுப்பு மாத்திரைகளைச் சேர்த்து நிறுத்த வேண்டாம்.
4. குறைத்த முதல் சில வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்து, நோட்டில் எழுதி வையுங்கள். எந்த எண் வந்தால் திரும்பத் தொடங்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
5. மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி. நன்றாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைத் தொடருங்கள். கண், பாதம், சிறுநீர்ப் புரதச் சோதனைகளும் நிற்கக் கூடாது.
6. மறுபடி மாத்திரை தேவைப்பட்டால் அது தோல்வி இல்லை. நேரத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வரும் மாத்திரையும் வீட்டில் சேரும் மாத்திரையும்

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-ல் இதய நோய்த் தடுப்புக்கான முன்னோடி முயற்சி தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு மாவட்டங்கள் சிவகங்கையும் விருதுநகரும். அந்த அனுபவத்தின் மேல்தான் இன்று ஆரம்ப சுகாதார நிலையம் வரை உள்ள தொற்றா நோய்ப் பிரிவுகள் வளர்ந்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2024-ல் அதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

ஆனால் வாங்கிய மாத்திரை அலமாரியில் சேர்ந்தால் யாருக்கும் பயன் இல்லை. அதைவிட ஓர் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் சாப்பிடாமல் சர்க்கரை ஏறியிருந்தால், மருத்துவர் "இந்த மாத்திரை போதலை போல" என்று நினைத்து டோஸைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். அதனால் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "போன மாசம் பத்து நாள் போடலைம்மா." அவர் திட்டுவதற்காக வரவில்லை. மீதி இருக்கும் அட்டைகளை எடுத்துக் காட்டுங்கள். அதை அவர் குறித்துக்கொண்டால் மருத்துவரின் முடிவு சரியாக இருக்கும்.

தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ ஒரு வாய்ப் பால்கோவா சாப்பிடுவதும் இதே கதைதான். அதை மறைக்க வேண்டாம், அதற்காகக் கூடுதல் மாத்திரை போடவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் 104 என்ற எண்ணில் இலவசமாக மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், அதில் நாட்டு மருந்து இருந்தால் அதுவும் சேர்த்து, உங்கள் இன்றைய எடை. நிறுத்தலாமா என்ற கேள்விக்கான பதில் அந்த மூன்றிலிருந்துதான் தொடங்கும். அதுவரை இன்றைய மாத்திரையை இன்று சாப்பிடுங்கள்.