சீரொளியும் விழியொளியும்

நுழையும்முன்
மூக்குக்கண்ணாடி இன்றி உலகைக் காண விழைவோர் பலர். அவ்விழைவை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்று சீரொளி (லேசர்) அறுவை மருத்துவம். அது குறித்து இளையோர் எழுப்பும் வினாக்களுக்கு விடை தருகிறது இப்பாடம்.

சீரொளி கண்ணில் என்ன செய்கிறது?
விழியின் முன்புறம் அமைந்த ஒளிபுகும் படலம் கார்னியா. ஒளியை வளைத்து விழித்திரையில் குவிப்பதில் பெரும்பங்கு இதனுடையதே. கிட்டப்பார்வை உடையோர்க்கு ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைச் சீரொளியால் சற்றே தட்டையாக்கினால் ஒளி விழித்திரையிலேயே குவியும். லேசிக் முறையில் கார்னியாவின் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, உள்ளடுக்கைச் செதுக்கியபின் அம்மடலை மீண்டும் மூடுவர்.

தெரிந்து தெளிவோம்
சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றினார். 1981இல் நன்றியறிதல் நாள் விருந்தில் எஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பில் 193 நானோமீட்டர் அலைநீளமுடைய புறஊதாச் சீரொளியைச் செலுத்தினார். சுற்றுப்புறம் கருகாமல் வெட்டு மட்டும் கூர்மையாக விழுந்தது. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோருடன் அவர் நிகழ்த்திய இவ்வாய்வே இம்மருத்துவத்திற்கு வித்திட்டது.

வலிக்குமா? கண் இமைத்துவிட்டால்?
சொட்டுமருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்வதால் வலி பெரிதாகத் தோன்றாது. சிறிது அழுத்தம் உணரப்படலாம். இமைகளை ஒரு சிறு கருவி விலக்கிப் பிடித்திருக்கும். விழி பெரிதும் அசைந்தால் சீரொளி தானே நின்றுவிடும்.

இப்போதே செய்துகொள்ளலாமா?
பொறுத்தல் நன்று. வளரும் பருவத்தில் கண்ணாடியின் திறன் மாறிக்கொண்டே இருக்கும். இன்று செதுக்கிய அளவு நாளை பொருந்தாமல் போகலாம். எனவே, 18 வயது நிறைந்து, ஓராண்டேனும் திறன் மாறாதிருந்த பின்னரே மருத்துவர் இதனைக் கருதுவர்.

எல்லார்க்கும் ஏற்றதா?
அன்று. கார்னியாவின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. செதுக்கியது மீண்டும் வளராது. மெலிந்த கார்னியா, அது கூம்புபோல் புடைக்கும் நோய், கடுமையான கண்வறட்சி ஆகியவை உடையோர்க்கு இம்மருத்துவம் தீங்காகலாம். முன்னாய்வுக்குப்பின் மருத்துவர் 'வேண்டா' என்பதும் ஒரு மருத்துவமே.

பின்விளைவுகள் உண்டா?
கண்வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் ஆகியன தோன்றலாம். பெரும்பாலோர்க்கு இவை சில மாதங்களில் குறையும்; சிலர்க்கு நீடிப்பதும் உண்டு. கண்ணைக் கசக்குதல் கூடாது.

இனிக் கண்ணாடியே வேண்டாவா?
அவ்வாறு உறுதி கூற இயலாது. நாற்பது வயதையொட்டி விழிவில்லை தன் நெகிழ்வை இழப்பதால் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். மேலும், சீரொளி மாற்றுவது கார்னியாவை மட்டுமே. மிகுந்த கிட்டப்பார்வையால் நீண்ட விழிக்கோளம் அவ்வாறே இருக்கும். ஆதலால், விழித்திரைப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

கண்ணாடி அணிதல் இழுக்கன்று. அதைக் கழற்றும் விருப்பமும் தவறன்று. பிறர் கேலிக்கு அஞ்சி விரைதலே தவறு. அளந்து, அறிந்து, ஆராய்ந்து முடிவெடுப்போம், விழிகளைக் காப்போம்.

கற்பவை கற்றபின்
கண் மருத்துவரிடம் கேட்க விரும்பும் ஐந்து வினாக்களை எழுதி, வகுப்பில் கலந்துரையாடுக.