உள்ளே கிராபிக்ஸ் உள்ள புரொசெசருக்கு ஏற்ற தாய்ப்பலகையைத் தெரிவு செய்தல்

ஒரு குடும்பமோ கமக்காரர் சங்கமோ கணினி ஒன்று வாங்க முற்படும்போது முதலில் எழும் கேள்வி "எவ்வளவு காசு முடியும்?" என்பதே. பிள்ளைகளின் படிப்புக்கும், சங்கக் கணக்குக்கும், கடிதங்கள், விண்ணப்பங்கள் தயாரிப்பதற்கும் விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டினால் செலவைக் குறைக்கலாம் என்று பலரும் கருதுகின்றனர். அது சரியே. ஆனால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மிச்சம் பிடித்த காசு பஸ் செலவிலும், மறுபடி வாங்கும் பொருளிலும் போய்விடும். "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அடித்திருக்கும் கடைகளும் உண்டு. எனவே வாங்கும் முன்னரே பொருத்தம் பார்ப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் நாம் படிப்படியாக ஆராய்வோம்.

படம் எங்கிருந்து வருகிறது?

கணினியில் கணக்கு வேலைகளைச் செய்யும் சில்லை புரொசெசர் என்கிறோம். அந்தச் சில்லும் ஏனைய பாகங்களும் பூட்டப்படும் பெரிய பலகையே தாய்ப்பலகை. கடைகளில் இதனை மதர்போட் என்பர்.

திரையில் எழுத்தும் படமும் தோன்றுவதற்கு கிராபிக்ஸ் என்னும் பகுதி வேண்டும். இதனைத் தனியான காட் ஒன்றாக வாங்கிப் பூட்டலாம். அல்லது கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்த புரொசெசரை வாங்கலாம். இரண்டாவது வழியில் காட் வாங்கும் செலவு இல்லை. மின்சாரமும் குறைவாகவே செலவாகும். நமது தேவைகளுக்கு இதுவே போதுமானது.

இங்கே ஒன்றை நன்றாக மனதிற் கொள்ள வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மட்டும் பயிர் விளையாது. தண்ணீர் வயலுக்குப் போக வாய்க்கால் வேண்டும். அதுபோல, படத்தை உருவாக்குவது புரொசெசர்; அதனைத் திரைக்குக் கொண்டு செல்வது தாய்ப்பலகை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் திரை இருண்டே கிடக்கும். ஆகவே புரொசெசரை முதலிலே தெரிவு செய்து, அதற்கு ஏற்ற தாய்ப்பலகையைப் பின்னர் தேடுவதே முறை.

முதலாம் படி: பெயரை இறுதிவரை வாசித்தல்

புரொசெசரின் பெயரில் இறுதியாக வரும் எழுத்து முக்கியமானது. இன்டெல் நிறுவனம் 2019 முதல், கிராபிக்ஸ் இல்லாத பல புரொசெசர்களின் பெயரில் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்து வருகிறது. கோர் ஐ3-12100 என்பதில் கிராபிக்ஸ் உண்டு. கோர் ஐ3-12100எஃப் என்பதில் இல்லை. விலை சற்றுக் குறைவாக இருப்பதால் எஃப் உள்ளதை வாங்கிவிட்டு, பின்பு அதைவிடக் கூடிய விலைக்குத் தனிக் காட் தேடவேண்டி வரலாம்.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகை ரைசன் புரொசெசர்களில் ஜீ என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் உண்டு என்று கொள்ளலாம். 2018இல் வந்த 2200ஜீ, 2400ஜீ, 2019இல் வந்த 3200ஜீ, 3400ஜீ, 2021இல் கடைகளுக்கு வந்த 5600ஜீ, 5700ஜீ என்பன இவ்வகையின. ரைசன் 5 5500 என்பது 5600ஜீயின் உடன்பிறப்பைப் போன்றது. ஆயினும் அதிலே கிராபிக்ஸ் வேலை செய்யாது. 2022இல் வந்த ஏ.எம்.5 வகையில் இந்த நிலை மாறியது. 7000 வரிசையில் எஃப் என்ற எழுத்து இல்லாதவற்றில் சாதாரண வேலைக்குப் போதிய சிறிய கிராபிக்ஸ் உண்டு.

இரண்டாம் படி: சொக்கற் பொருத்தம்

புரொசெசர் அமரும் இடத்தை சொக்கற் என்பர். ஏ.எம்.4 புரொசெசர் ஏ.எம்.5 தாய்ப்பலகையில் அமராது. இன்டெல் கோர் வகையின் 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறைகளுக்குரிய சொக்கற் 1700 தொடுமுனைகள் கொண்டது. அதற்கு முந்திய 10ஆம், 11ஆம் தலைமுறைகளுக்குரியது 1200 தொடுமுனைகள் கொண்டது.

ஆனால் "அமர்கிறது, ஆகவே பொருந்தும்" என்று முடிவு செய்யலாகாது. இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறைகளும், 8ஆம், 9ஆம் தலைமுறைகளும் 1151 தொடுமுனைகள் உள்ள சொக்கற்றையே பயன்படுத்தின. எனினும் 2017இல் வந்த 8ஆம் தலைமுறைக்கு 300 வரிசைத் தாய்ப்பலகை வேண்டும். பழைய 100, 200 வரிசைப் பலகைகளில் அதை வைத்தால் இயங்காது. பாவித்த பொருட்களை வாங்குவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

மூன்றாம் படி: சிப்செற்றும் படத்துக்கான வழியும்

தாய்ப்பலகையிலுள்ள துணைச் சில்லின் பெயர் சிப்செற். பலகையின் பெயரில் வரும் எச்610 போன்ற எழுத்தும் எண்ணும் அதனையே குறிக்கின்றன.

2011 ஜனவரியில் இன்டெலின் இரண்டாம் தலைமுறைக் கோர் புரொசெசர்கள் வெளிவந்தன. அவற்றின் உள்ளே கிராபிக்ஸ் இருந்தது. அவற்றுக்கென ஒரே நேரத்தில் பி67, எச்67 என்னும் இரண்டு சிப்செற்கள் வந்தன. சொக்கற் ஒன்றே. ஆயினும் படத்தைத் திரைக்கு அனுப்பும் வழி எச்67இல் மட்டுமே இருந்தது. பி67 தனிக் காட் பூட்டுவோருக்காகச் செய்யப்பட்டது. அதில் புரொசெசரின் உள்ளேயுள்ள கிராபிக்ஸ் பயனற்றுக் கிடந்தது. புரொசெசரில் ஒரு குறையும் இல்லை, பலகையிலும் ஒரு பழுதும் இல்லை. ஆனால் சோடி பிழை. அந்த ஆண்டு மே மாதத்திலேதான் இரு வகை வசதிகளையும் சேர்த்து இசட்68 வந்தது.

ஆகவே பலகையின் பின்புறத்தில் திரை வயரைச் செருகும் துறை இருக்கிறதா என்று கண்ணாலே பார்க்க வேண்டும். விலை கூடிய ஏ.எம்.4 பலகைகள் சிலவற்றிலே அத்துறை அறவே இல்லை. மறுபக்கமாக, துறை இருப்பதை மட்டும் கண்டு நம்பவும் கூடாது. எஃப் வகைப் புரொசெசரை வைத்தால் அத்துறையிலிருந்து படம் வராது.

நமது திரை பழைய வீ.ஜீ.ஏ. வகையா, புதிய எச்.டி.எம்.ஐ. வகையா என்பதையும் முன்கூட்டியே அறிந்து, அதே துறை உள்ள பலகையை வாங்கினால் மாற்றி ஒன்றுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

நான்காம் படி: பயோஸ் பதிப்பு

கணினியை எழுப்புவதற்கென்று தாய்ப்பலகையில் பதியப்பட்டுள்ள சிறு நிரலை பயோஸ் என்கிறோம். பலகை செய்யப்பட்ட பின்பு வெளிவந்த புரொசெசரை, பலகையிலுள்ள பழைய பயோஸ் அறியாது.

2018 பெப்ரவரியில் 2200ஜீ, 2400ஜீ வெளிவந்தபோது இதுவே நடந்தது. கடைகளில் முன்னரே இருந்த ஏ.எம்.4 பலகைகளில் சொக்கற் சரியாக இருந்தும், பயோஸ் புதுப்பிக்கப்படும் வரை கணினி எழும்பவில்லை. புதுப்பிப்பதற்கோ இயங்கும் புரொசெசர் ஒன்று வேண்டும். ஆகவே ஏ.எம்.டி. நிறுவனமே அவ்வாறான வாடிக்கையாளருக்குப் பழைய வகைப் புரொசெசரை இரவலாக அனுப்பி உதவியது.

இப்போது சில பலகைகளில், புரொசெசர் இல்லாமலே யூ.எஸ்.பி. மூலம் பயோஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டு. அது இல்லாவிட்டால், கடைக்காரரையே புதுப்பித்துத் தரும்படி கேட்பது நல்லது. எந்தப் புரொசெசருக்கு எந்தப் பயோஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு பலகைக்கும் அதனைச் செய்த நிறுவனம் இணையத்தில் வெளியிடுகிறது. பலகையின் முழுப் பெயரைக் கொடுத்துத் தொலைபேசியிலே பார்க்கலாம். இதனைப் பிள்ளைகளே செய்து தருவார்கள்.

ஐந்தாம் படி: நினைவகம்

ஏ.எம்.4 பலகைக்கு டி.டி.ஆர்.4 நினைவகம் வேண்டும், ஏ.எம்.5 பலகைக்கு டி.டி.ஆர்.5 மட்டுமே பொருந்தும். இன்டெலின் 1700 வகையில் இரு விதமான பலகைகளும் உள்ளன. ஒன்றின் நினைவகம் மற்றதில் ஏறாது.

உள்ளே அமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. அது கணினியின் பொது நினைவகத்திலேயே பங்கு எடுக்கிறது. எனவே ஒரு பெரிய நினைவகத் துண்டை விட, ஒரே அளவான இரண்டு துண்டுகளைப் பூட்டினால் அது விரைவாக வேலை செய்யும். இப்போது ஒன்றை மட்டுமே வாங்க முடியுமானாலும், இரண்டு இடங்கள் உள்ள பலகையை எடுத்தால் அடுத்த போகத்தின் பின் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் செய்ய வேண்டியவை

1. புரொசெசர், தாய்ப்பலகை இரண்டின் முழுப் பெயரையும் கடதாசியில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

2. பாவித்த இன்டெல் பலகையாயின் சொக்கற்றிலுள்ள முனைகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏ.எம்.4 வகையில் முனைகள் புரொசெசரின் அடியிலே இருக்கும்.

3. காசு கொடுக்குமுன் கடையிலேயே பூட்டச் சொல்லுங்கள். தனிக் காட் எதுவும் இல்லாமல், திரை வயரைத் தாய்ப்பலகையின் துறையிலே செருகிப் படம் வருவதைக் கண்ணாலே காணுங்கள்.

4. இரண்டு பாகங்களின் பெயரையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நல்ல புரொசெசர் எது, நல்ல பலகை எது என்று தனித்தனியாகக் கேட்பதை விட, "இந்தப் புரொசெசர் இந்தப் பலகையில் படம் காட்டுமா?" என்று சோடியாகக் கேட்பதே கமக்காரனின் காசைக் காக்கும் கேள்வி. நீர் இறைக்கும் இயந்திரம் வாங்கும்போது குழாயின் அளவைப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. அந்த விவேகமே இங்கும் போதுமானது.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது சங்கத்துக்கு வாங்கும் கணினியால் செய்யவிருக்கும் வேலைகள் எவை? அவற்றுக்குத் தனிக் காட் தேவையா?

2. ஒருவர் ரைசன் 5 5500 புரொசெசரையும், எச்.டி.எம்.ஐ. துறை உள்ள ஏ.எம்.4 பலகையையும் வாங்கினார். திரையில் படம் வருமா? காரணம் யாது?

3. நம்மிடம் ஏற்கெனவே உள்ள திரையில் எவ்வகைத் துறை இருக்கிறது? இன்றே பார்த்து எழுதி வையுங்கள்.