ஆனினத்துக் காசநோய்

பழனிமலையிலும் கோடைக்கானலிலும் பசுக்கள் மேயும் இடங்களிலேயே காட்டுமாடுகளும் வந்து மேய்தலைப் பலர் கண்டிருப்பர். ஒரே புல்லும் ஒரே நீரும் இரு மந்தைக்கும் பொதுவாயின், நோயும் பொதுவாதல் கூடும். ஆதலின் ஆனினத்துக் காசநோயைப்பற்றி யாம் ஈண்டுச் சிறிது கூறப் புகுந்தேம்.

காசக் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882-இல் கண்டறிந்தார். மாட்டுக் காசத்தால் மக்களுக்குப் பெருந்தீங்கில்லை என 1901-இல் லண்டன் நகரில் அவர் உரைத்தார். அதனை ஆராய அமைந்த ஆங்கிலக் குழுவோ, 1911-இல் அக்கொள்கையை மறுத்தது. நோயுற்ற பசுவின் காய்ச்சாத பால்வழியே கிருமி மக்களை, சிறப்பாகக் குழந்தைகளை, அடையும் என்பது தெளிவாயிற்று.

வீட்டு மாட்டினின்று காட்டு விலங்கிற்கும் இந்நோய் தாவும். தென்னாப்பிரிக்கக் க்ரூகர் வனத்து எருமைகளிடம் இது 1990-இல் காணப்பட்டது. அயற்பண்ணை மாடுகளிலிருந்தே புகுந்தது என்பர். அவ்வெருமைகளைத் தின்ற சிங்கங்களும் பின்னர் நோயுற்றன. காடேறிய நோயைக் களைதல் மிக அரிது.

மேல்நாட்டார் மாட்டின் தோலில் டியூபர்குலின் ஏற்றி, மூன்றாம் நாள் வீக்கத்தை அளந்து, நோயுள்ளதைக் கொன்றுவிடுவர். நம் நாட்டிலோ பசுவைக் கொல்ல மனமும், பல மாநிலங்களிற் சட்டமும் இடந்தாரா. அன்றியும், ஒரே பசுவை நம்பி வாழும் ஏழைக்கு அதனை இழத்தல் பிழைப்பையே இழத்தலாம்.

எனவே நோயை வருமுன் காத்தலே நமக்குரிய வழி. பாலைப் பொங்கக் காய்ச்சுக; கொட்டிலிற் காற்றும் வெயிலும் புகவிடுக; மெலிந்து இருமும் மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருத்துவருக்குக் காட்டுக; மந்தையைக் காட்டுமாடு மேயும் இடத்திற்கு ஓட்டாதிருக்க. பசுவைக் காப்பவர் தம் குழந்தையையும் காட்டையும் ஒருங்கே காப்பவராவர்.