சட்டம் சிந்திக்கும் முறை: ஃபத்வா கேட்போருக்கு ஒரு பாடம்

மார்க்கச் சட்டத்தை முஃப்திகளும் காஜிகளும் அறிந்திருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஃபத்வா கேட்டு எழுதுபவர்கள் நாம். கடன் பத்திரம் எழுதுபவர்கள் நாம். பாகப் பிரிவினைக்கு உட்காருபவர்களும் நாமே. ஆகவே, ஃபிக்ஹு வல்லுநர்கள் எவ்வாறு சிந்திக்கிறார்கள், எவ்வாறு எழுதச் சொல்கிறார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் ஓரளவேனும் அறிந்திருப்பது அவசியமாகும்.

முதலில், சிந்திக்கும் முறையைக் கவனிப்போம். நீதிபதி கோபமாக இருக்கும் நிலையில் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்த ஹதீஸ் உள்ளது. அதில் பசியைப் பற்றிய பேச்சு இல்லை. அப்படியானால் கடும் பசியோடு தீர்ப்புக் கூறலாமா?

இங்கேதான் சட்ட அறிவு வேலை செய்கிறது. கோபம் ஏன் தடுக்கப்பட்டது? அது சிந்தனையைக் கலக்கிவிடும் என்பதால். கடும் பசியும், தூக்கக் கலக்கமும், பொறுக்க முடியாத வலியும் அதையே செய்கின்றன. எனவே அவற்றுக்கும் அதே சட்டம்தான். இதற்கே ‘கியாஸ்’ என்று பெயர். இதில் கோபம் ‘அஸ்ல்’ (மூலம்). பசி ‘ஃபர்உ’ (கிளை). சிந்தனைக் கலக்கம் ‘இல்லத்’ (காரணம்). தடை ‘ஹுக்மு’ (சட்டம்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 150–204) ‘அர்ரிஸாலா’ என்னும் நூலில் கியாஸைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தால் போதாது. காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

அடுத்து, எழுதும் முறை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியதே. தொகை சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதச் சொல்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்லர், கடன் பட்டவர்! கொடுத்தவர் சொல்வது உரிமை கோரல். பட்டவர் சொல்வது ஒப்புதல். அவர் எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது என்றும் அல்லாஹ் கட்டளையிடுகிறான்.

ஃபத்வா கேட்கும்போதும் இப்படித்தான். ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் மனைவி, ஒரு மகள், உடன்பிறந்த சகோதரர் ஒருவர் ஆகியோரை விட்டு மவுத்தானார். அடக்கச் செலவு போக மீதி 80,000 ரூபாய். வஸிய்யத் இல்லை. இவ்வளவு மட்டும் எழுதிக் கேட்டால், மனைவிக்கு எட்டில் ஒன்று 10,000. மகளுக்குப் பாதி 40,000. மீதி 30,000 சகோதரருக்கு என்று பதில் வரும்.

ஆனால் மனைவிக்கு மஹர் பாக்கி 16,000 இருந்ததை எழுதாமல் விட்டிருந்தால்? மஹர் பாக்கி கடனாகும். பாகம் பிரிக்குமுன் அதைக் கொடுத்தாக வேண்டும். மீதி 64,000 ரூபாயில் மனைவிக்கு 8,000, மகளுக்கு 32,000, சகோதரருக்கு 24,000. மஹரும் சேர்ந்து அந்த விதவைக்கு உரியது 24,000. ஒரு வரி விடுபட்டதால் அவருக்கு 14,000 ரூபாய் நஷ்டம்! முஃப்தி தவறவில்லை, கேள்வி தவறியது.

ஆகவே கேள்வி எழுதும்போது நடந்ததை வரிசையாக எழுதுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஊகத்தை நடந்ததாக எழுதாதீர்கள். கடைசியில், கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்.

வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றாலும், அவர் பெறுவது நெருப்புத் துண்டே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். காகிதத்தில் வந்த பதில் ஹராமை ஹலாலாக்கி விடாது.

உண்மையை உள்ளபடி எழுதும் கரங்களை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.